பழைய பெட்டியும் புதிய பெட்டியும்: வீட்டுத் திரையின் ஒரு சிறு வரலாறு

வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்துப் படம் பார்ப்பதற்குச் சிறு கணினி ஒன்று வாங்க எண்ணியிருக்கிறோம்; பழையதை மலிவாக வாங்குவதா, புதியதை விலை கொடுத்து வாங்குவதா என்று நண்பர்கள் நம்மைக் கேட்பதுண்டு. தமிழ் இலக்கியம் படித்த ஒருவரிடம் கேட்க வேண்டிய கேள்விதானா இது என்று வாசகர்கள் வியக்கலாம். கல்லூரித் துறையின் அலமாரியில் உறங்கும் தெருக்கூத்துப் பதிவுகளையும் கருத்தரங்க உரைகளையும் பார்க்கத்தக்க நிலையில் வைத்திருக்கும் பொறுப்பு எப்படியோ நம் தலையில் விழுந்துவிட்டதால் வந்த வினை இது. கடைக்காரர் புதியதை வாங்கச் சொல்வார். சிக்கனக்காரர் பழையது போதும் என்பார். இருவரும் கணினியின் வயதைப் பார்க்கிறார்கள். அதற்கு என்னென்ன படிக்கத் தெரியும் என்று இருவருமே கேட்பதில்லை. இதற்குப் பின்னால் நாற்பதாண்டு வரலாறு ஒன்று இருக்கிறது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. பார்ப்பவருக்குத் தெரிவு என்ற ஒன்று கிடைத்ததோ எண்பதுகளில், டெக்கின் வருகையோடு. டெக்கையும் மூன்று நான்கு கேசட்டுகளையும் வாடகைக்கு எடுத்து, இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்து, காலையில் திருப்பிக் கொடுத்த தலைமுறை இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டது. அந்தக் கேசட்டில் பழசு புதுசு என்ற சிக்கல் பெரிதாக எழவில்லை. நாடா ஓடினால் படம் தெரியும். நாடா சிக்கினால் பென்சிலும் பொறுமையும் வேண்டும். அவ்வளவே.

சிக்கல் தொடங்கியது விசிடியோடு. 1993இல் பிலிப்ஸ், சோனி உள்ளிட்ட நிறுவனங்கள் அதற்கு இலக்கணம் வகுத்தன. படத்தின் அகலம் 352 புள்ளி, உயரம் 288 புள்ளி, நொடிக்கு 25 சட்டகம். இதை உள்ளபடியே எழுதி வைத்தால் நொடிக்கு ஏறத்தாழ 30 மெகாபிட் இடம் பிடிக்கும். ஒளிவட்டிலிருந்து படத்துக்குக் கிடைப்பதோ நொடிக்கு 1.15 மெகாபிட். ஆகவே படத்தை இருபத்தாறில் ஒரு பங்காகச் சுருக்கி வைக்க வேண்டியிருந்தது. எம்பெக்-1 என்ற முறை அந்தச் சுருக்கத்தைச் செய்தது. ஒரு சட்டகத்துக்கும் அடுத்த சட்டகத்துக்கும் இடையில் மாறியதை மட்டும் குறித்துக்கொள், மாறாததை மீண்டும் எழுதாதே என்பதே அதன் அடிப்படை. நன்னூலுக்குச் சூத்திரம் எப்படியோ அப்படி. சூத்திரத்தைப் படித்துப் பொருள் கொள்ள உரையாசிரியர் வேண்டும் அல்லவா? கணினிக்குள்ளும் ஓர் உரையாசிரியர் இருக்கிறார். அவருக்குக் குறிவிலக்கி என்று பெயர். அவர் தனிச் சில்லாகவும் இருக்கலாம், மையச் செயலியில் ஓடும் மென்பொருளாகவும் இருக்கலாம். சொல்லவந்த கதை முழுவதும் இந்த உரையாசிரியரைப் பற்றியதுதான்.

ஒரு வட்டில் 74 நிமிடம் அடங்கும் என்பதால் தமிழ்ப்படம் இரண்டு வட்டுகளாக, நீளமானால் மூன்றாக வந்தது. இயக்குநர் வைத்த இடைவேளை ஓரிடம், வட்டு வைத்த இடைவேளை வேறிடம். தொண்ணூறுகளின் இறுதியில் பாரிமுனையின் பர்மா பஜாரில் இறங்கிய வட்டுகள் செங்கற்பட்டுப் பேருந்து நிலையக் கடைகள் வரை வந்து சேர்ந்தன. திருட்டு விசிடி என்ற சொல் தமிழ் அகராதியில் ஏறியதும் அப்போதுதான். 2004இல் குண்டர் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி வீடியோ திருடர்களையும் அதில் சேர்க்கும் அளவுக்கு அது பெருகியிருந்தது. பின்னர் 2007இல் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்க ஆரம்பித்தது. கறுப்பு வெள்ளைப் படங்கள் பலவற்றை நம் தலைமுறை வீட்டில் வாங்கிவைத்தது அந்தச் சில ஆண்டுகளில்தான். அந்த நிறுவனம் 2018இல் கலைப்புக்குப் போய்விட்டது. வட்டுகள் மட்டும் நம் வீடுகளில் தங்கிவிட்டன.

தமிழின் முதல் பேசும்படமான காளிதாஸ் (1931) இன்று இல்லை. அதன் படச்சுருளில் ஒரு பிரதியையேனும் யாரும் காப்பாற்றி வைக்கவில்லை. ஒரு படம் தொலைய அதை யாரும் அழிக்க வேண்டியதில்லை, ஓட்டிப் பார்க்கும் கருவி இல்லாமல் போனாலே போதும் என்பதை மனத்தில் கொண்டு மேலே போவோம்.

கணினிக்கு வருவோம். தொண்ணூறுகளின் முதற்பாதியில் வந்த கணினிகளால் விசிடியைத் தாமாக ஓட்ட முடியவில்லை. அதற்கெனத் தனி அட்டை ஒன்றைச் செருக வேண்டும். பெண்டியம் செயலிகள் வேகம் பிடித்த பிறகு அந்த அட்டை தேவையற்றுப் போனது. சிறப்புச் சில்லு செய்த வேலையைப் பொதுச் செயலி மென்பொருளால் செய்ய முடிகிற நாள் வந்ததும் சில்லு ஓய்வு பெறுகிறது. இதே நாடகம் பின்னாலும் மேடையேறும்.

கணினியை மேசையிலிருந்து எடுத்துத் தொலைக்காட்சிக்கு அடியில் வைக்கும் ஆசையை வளர்த்ததில் எக்ஸ்பாக்ஸ் என்ற விளையாட்டுப் பெட்டிக்குப் பங்குண்டு. அதற்கெனத் தன்னார்வலர்கள் 2002இல் எழுதத் தொடங்கிய மென்பொருளே எக்ஸ்பிஎம்சி. 2014இல் அது கோடி என்று பெயர் மாற்றிக்கொண்டது. (கோடி என்றதும் நமக்கு எண்ணும் கடைசியும் புதுத்துணியும் நினைவுக்கு வரும், அவர்களுக்கு அதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை.) 2008இல் வந்த ஆட்டம் செயலிச் சிறு கணினிகள் மின்னஞ்சலுக்கு உதவின, உயர்தெளிவுப் படத்துக்குத் திணறின. மறு ஆண்டே அதே ஆட்டம் செயலியோடு என்விடியாவின் அயான் சில்லைச் சேர்த்துச் செய்த கணினிகள் அதே படத்தைத் தடங்கலின்றி ஓட்டின. செயலி மாறவில்லை, உரையாசிரியர் வந்து சேர்ந்தார். கணினியின் வேகத்தைக் கேட்டு வாங்குகிறவர்கள் இந்த எடுத்துக்காட்டை நினைவில் வைப்பது நல்லது.

2012 பிப்ரவரி 29 அன்று ராஸ்பெரி பை வெளிவந்தது. உள்ளங்கை அளவு அட்டை. விலை 35 டாலர். செயலி 700 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. குழந்தைகள் நிரல் எழுதக் கற்கட்டும் என்று கேம்பிரிட்ஜில் செய்தது அது. அதன் மாதிரிகளுக்கு ஏ, பி என்று பெயரிட்டது எண்பதுகளின் பிபிசி மைக்ரோ கணினியின் நினைவாக. அந்தப் பிபிசி மைக்ரோ நமக்கும் அயலன்று. 1984-85இல் மத்திய அரசு கிளாஸ் என்ற திட்டத்தின் கீழ் இந்தியப் பள்ளிகளுக்கு முதன்முதலாகத் தந்த கணினி அதுதான். ராஸ்பெரி பையின் சில்லு பிராட்காம் நிறுவனம் படம் ஓட்டுவதற்கென்றே வடித்தது. எச்.264 முறையில் சுருக்கிய முழு உயர்தெளிவுப் படத்தை விரிக்கும் வன்பொருள் அதற்குள் இருந்தது. பிள்ளைகள் நிரல் எழுதினார்களோ இல்லையோ, பெரியவர்கள் அதில் கோடி மென்பொருளை ஏற்றித் தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒட்டிவிட்டார்கள்.

நம் பகுதிக்கு அந்த முதல் பை மூன்று வகையில் பொருந்தியது. அதில் மஞ்சள் நிற ஆர்சிஏ துளை ஒன்று இருந்தது. 2006 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் தமிழகத்து வீடுகளுக்குப் போயிருந்தன. எச்டிஎம்ஐ என்ற பெயரையே அறியாத பெட்டிகள் அவை. அந்தக் காலத்துப் பெட்டிகளுக்கு மஞ்சள் வயர்தான் வாசல். அடுத்தது மின்சாரம். 2012இல் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டோம். அந்தப் பை சில வாட் மின்சாரத்தில் ஓடியது. இன்வெர்ட்டர் அதைப் பொருட்படுத்தவே இல்லை. மூன்றாவது உப்புக்காற்று. மாமல்லபுரம், கோவளம், சதுரங்கப்பட்டினம் என்று கரையோரத்தில் வாழ்பவர்களுக்குத் தெரியும்: மின்விசிறி வைத்த எந்த மின்னணுக் கருவியும் கடற்காற்றை உள்ளே இழுத்துத் தானே துருப்பிடித்துக்கொள்ளும். முதல் பைக்கு மின்விசிறி கிடையாது. ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் சும்மா கிடந்து வேலை செய்தது.

ஆனால் அந்தப் பழைய பையிலும் ஒரு பூட்டு இருந்தது. டிவிடி எழுதப்பட்ட எம்பெக்-2 முறையை விரிக்கும் வன்பொருள் சில்லுக்குள் இருந்தும் அது திறக்கவில்லை. உரிமத்தொகையைச் சேர்த்தால் விலை கூடிவிடும் என்பதால் அதை மூடி விற்றார்கள். 2012 ஆகஸ்டிலிருந்து 2.40 பவுண்டு கட்டினால் திறவுகோல் எண் தந்தார்கள். அந்த எண் அந்த ஓர் அட்டைக்கு மட்டுமே செல்லும்.

இனி விந்தையைக் கேளுங்கள். 2019இல் வந்த பை 4, எச்.265 என்ற புதிய முறையை 4கே அளவில் வன்பொருளால் விரித்தது. எம்பெக்-2 வன்பொருளைக் கைவிட்டது. 2023 அக்டோபரில் வந்த பை 5, எச்.265ஐ வைத்துக்கொண்டு எச்.264 வன்பொருளையும் கைவிட்டது. எந்தத் திறமைக்காக முதல் பையை உலகம் கொண்டாடியதோ அந்தத் திறமை, பதினோராண்டு கழித்து வந்த பேரனிடம் இல்லை. செய்தவர்கள் தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். புதிய செயலி பன்மடங்கு வேகமானது, எச்.264ஐ மென்பொருளாலேயே ஓட்டிவிடும். ஓட்டவும் செய்கிறது. பெண்டியம் காலத்து நாடகம் மறுபடி அரங்கேறியிருக்கிறது. ஆனால் மென்பொருள் செய்யும் வேலைக்கு வெப்பம் கூடுதல், வெப்பத்துக்கு மின்விசிறி, மின்விசிறிக்கு, நம் கரையோரத்தில், உப்புக்காற்று. சந்தையில் சிறு குறிப்பாகப் போகும் ஒரு முடிவு மாமல்லபுரத்து வீட்டில் இரண்டு மழைக்காலத்துக்குள் தெரிந்துவிடுகிறது. மஞ்சள் துளையும் 2014இலேயே ஒலித்துளையோடு சேர்ந்துகொண்டது. பை 5இல் அந்தத் துளையும் இல்லை, பற்றவைத்து எடுத்துக்கொள்ளும் இரு புள்ளிகள் மட்டும் இருக்கின்றன.

மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் அதிரணசண்ட மண்டபம் இருக்கிறது. புலிக்குகை பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிற சிறு குடைவரை. அதன் சுவர்களில் ஒரே வடமொழிச் சுலோகங்கள் இரு முறை வெட்டப்பட்டிருக்கின்றன. ஒரு பக்கம் பல்லவ கிரந்த எழுத்தில், மறுபக்கம் நாகரி எழுத்தில். ஏறத்தாழ 1300 ஆண்டுக்கு முந்தைய வெட்டு. தெற்கத்தியவன் ஒன்றைப் படிக்கட்டும், வடக்கத்தியவன் மற்றொன்றைப் படிக்கட்டும் என்று எண்ணியிருப்பார்கள் போலும். அடித்தவர்கள் சிக்கனம் பார்க்கவில்லை, இது பழைய எழுத்து, அது புதிய எழுத்து என்று ஒன்றைத் தள்ளவும் இல்லை. இன்று அங்கே போய் நிற்கும் நம் மாணவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டுமே படிக்க முடியாதவை. கல் உறுதியாக நிற்கிறது. படிக்கும் கண்தான் போயிற்று. 1890இல் ஹூல்ஷ் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் இவற்றைப் பதிப்பித்திருக்காவிட்டால் நமக்கும் அவை கோலம்தான். 28 ரூபாய் விசிடியும் அந்தச் சுவரும் ஒன்றா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். படிக்கும் கருவியைக் காப்பாற்றாத இடத்தில் இரண்டுக்கும் ஒரே கதிதான் என்பது நம் எண்ணம்.

மறுபடி கடைத்தெருவுக்கு வருவோம். பழைய சிறு கணினி என்று இன்று நம் பகுதியில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று (மீண்டும் அண்ணா பிறந்த நாள்) தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் மாணவர் கைக்கு வந்தவை ஒன்று. அந்தப் பத்தாண்டில் 50 லட்சத்துக்கு மேல் வழங்கப்பட்டன. விண்டோஸோடு, சி-டாக் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்சும் அவற்றில் வந்தது. படித்து முடித்த பிள்ளை வேலைக்குப் போன பிறகு அந்த மடிக்கணினி வீட்டின் திரையரங்காகிவிடுவதைப் பார்த்து வருகிறோம். மற்றது, பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனங்களைப் போன்ற அலுவலகங்களில் பயன்படுத்திக் கழித்துவிடப்படும் புத்தக அளவுக் கணினிகள். ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கும்.

இவற்றில் இன்டெல் செயலி உள்ளவற்றுக்கு ஒரு வயதுக் கணக்குப் போதும். 2011இன் இரண்டாம் தலைமுறை எச்.264ஐத் தடையின்றி விரிக்கும். 2015இன் ஆறாம் தலைமுறையில் எச்.265 சேர்ந்தது, ஆனால் 10 பிட் வண்ணத்தில் சுருக்கிய 4கே படங்களுக்கு ஏழாம் தலைமுறை வேண்டும். இணையத்தில் இப்போது பரவிவரும் ஏவி1 முறைக்கு 2020இன் பதினொன்றாம் தலைமுறையோ, 2023இல் வந்த என்100 போன்ற சிக்கனச் செயலியோ தேவை. ஆகவே ஏழாம் தலைமுறைப் பழைய கணினிக்கும் ஆறாம் தலைமுறைப் பழைய கணினிக்கும் விலையில் சில நூறு ரூபாய் வேறுபாடிருந்தால் யோசிக்காமல் ஏழாவதை எடுக்கலாம். ஏழுக்கும் எட்டுக்கும் அந்த அளவு வேறுபாடு படம் பார்ப்பதில் இல்லை.

புதியதற்கு ஆதரவாகத் தமிழாசிரியர் என்ற முறையில் ஒன்று சொல்லியாக வேண்டும். தமிழ் எழுத்தைக் கோத்துக் காட்டத் தெரியாத பழைய மென்பொருள்களில் படப்பெயர்கள் படும் பாடு சகிக்காது. எகரக் கொம்பு எழுத்துக்கு முன்னே நிற்காமல் பின்னே போய் நிற்கும். ஒருங்குறியில் கொம்பை மெய்க்குப் பின்னால் சேமிப்பதும், காட்டும்போது முன்னால் கொண்டுவருவதும்தான் முறை; அந்த இரண்டாம் வேலையைச் செய்யாத மென்பொருள் தெனாலியைக்கூடச் சரியாக எழுதாது. பழைய அட்டைகளுக்குப் புதிய மென்பொருள் கிடைப்பதும் நின்றுவிடுகிறது. கோடியை மட்டும் ஓட்டும் லிப்ரஎலக் என்ற இயங்குதளம் 2021இன் பத்தாம் பதிப்போடு முதல் பையை விட்டுவிட்டது. கட்டணம் செலுத்தும் இணையச் சேவைகளின் நிலைமை இன்னும் கறார்: உயர்ந்த தெளிவில் அனுப்ப, அவர்கள் ஒப்புதல் பெற்ற கருவிகளையே நம்புவார்கள். புதுப்படங்களை அப்படி மட்டுமே பார்ப்பவருக்குச் சிறு கணினியே தேவையில்லை, தொலைக்காட்சியோடு வரும் வசதியோ மலிவான ஒரு குச்சியோ போதும்.

ஆக, அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போவதே முறை. வைத்திருப்பது விசிடியும் டிவிடியும் எச்.264 கோப்புகளும் என்றால் பத்தாண்டுப் பழைய கணினி தாராளம்; கரையோரத்தில் வீடிருந்தால் மின்விசிறி இல்லாததாக, பை 4 போல, பார்க்க வேண்டும். புதிதாகச் சேர்ப்பவை எச்.265, ஏவி1 கோப்புகள் என்றால் பழையதில் பணம் போடுவது வீண். சட்டகம் தவறித் தவறி ஓடும் படத்தை யாரும் பத்து நிமிடத்துக்கு மேல் பார்ப்பதில்லை. இரண்டும் இருக்கிற வீட்டில் புதியது ஒன்றை வாங்கலாம், பழையதைப் பழைய இரும்புக்குப் போடாமல் இருந்தால்.

போடாமல் இருக்க வேறொரு காரணமும் உண்டு. இன்றைய சிறு கணினி எதிலும் ஒளிவட்டு இயக்கி கிடையாது. பழைய மடிக்கணினிகள் பலவற்றில் அது உண்டு. கடையில் வாங்கிய விசிடி அச்சில் அழுத்தி எடுத்தது, நெடுநாள் நிற்கும். திருமணம், கூத்து, கருத்தரங்கு என்று நாமே எழுதிவைத்த வட்டுகளில் இருப்பது சாயப்படலம். வெப்பமும் ஈரமும் அதை மங்கச் செய்யும். நம் பகுதியில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. விசிடியின் படப்பகுதியில், இடம் மிச்சம் பிடிப்பதற்காக, தரவு வட்டுகளில் உள்ள கூடுதல் பிழைதிருத்தக் குறிகளை விட்டுவிட்டார்கள். கீறல் விழுந்தால் சாதாரணமாகப் படியெடுக்கும்போது கணினி முரண்டு பிடிப்பதற்கு அதுவே காரணம். விசிடி இமேஜர் போன்ற கட்டற்ற மென்பொருள் அதற்கென்றே இருக்கிறது. படியெடுக்கையில் வேறு முறைக்கு மாற்றிச் சுருக்காமல் எம்பெக்-1 ஆகவே எடுத்துவைப்பது நல்லது. இருபத்தாறில் ஒரு பங்கானதை மேலும் சுருக்கினால் கூத்துக்காரரின் முகத்தில் எழுதிய வண்ணம் மிஞ்சாது. 74 நிமிட வட்டு ஒன்றுக்கு ஏறத்தாழ 750 மெகாபைட் இடம் பிடிக்கும். துறையில் நூற்றுப் பதினோரு வட்டுகள் இருந்தன. இதுவரை எண்பத்து நான்கு முழுமையாக வந்திருக்கின்றன; ஒன்பது பாதியில் நிற்கின்றன; மற்றவற்றை வரும் கோடை விடுமுறைக்குள், காற்றில் ஈரம் ஏறும் முன், எடுத்துவிட எண்ணியிருக்கிறோம்.